புல்வெளி மண்ணின் வைரஸ்களும் முதல் மழையும்

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிப் பாலாற்றங்கரையில் நிற்கும் வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள பூமியை, பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் தறுவாயில் பார்க்கிறவர்கள் உயிரற்ற பூமி என்றே எண்ணக்கூடும். தை பிறந்ததும் வானம் தன் கொடையை நிறுத்திக்கொள்ள, ஏரியில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அதன் ஈரத்தைத் தொடர்ந்து இறங்கி வந்த அருகும் கோரையும், மாடும் ஆடும் மேய்ந்த மிச்சம் வெயிலில் வெந்து, மாட்டின் நாக்குக்கு எட்டாத அடிக்கட்டைகளாக நிற்கின்றன. அந்த அடிக்கட்டைகளைக் கரையான் மண்ணால் மெழுகியிருக்கிறது. காய்ந்த சாணத்தின் அடியில் மட்டும் சற்றே கருமை தெரிகிறது. வண்டல் படிந்த இடங்களில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. ஊரின் மேய்க்கால் புறம்போக்கில் ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினால் அது எதிர்ப்பின்றிப் புழுதியாகிவிடுகிறது. ஆயினும் அத்தகைய புழுதியும் வெறும் ஜடமன்று. உறக்கத்தில் ஆழ்ந்த பாக்டீரியாக்களும், அவற்றையே ஆகாரமாகக் கொள்ளும் வைரஸ்களும், கண்ணுக்குப் புலனாகாத ஒரு பெரும் ஜனத்தொகையாக அதில் அடங்கிக் கிடக்கின்றன. முதல் மழை விழுந்த சில மணி நேரத்தில் அந்த ஜனத்தொகைக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

வைரஸ் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் மனம் நோயையும் மருத்துவமனையையும் நினைத்துக்கொள்வது இயல்பே. அண்மைக் காலத்தின் அநுபவம் அப்படி. ஆனால் மண்ணில் வாழும் வைரஸ்களில் மிகப் பெரும்பான்மையானவை மனிதனையோ மாட்டையோ தீண்டுவதில்லை. அவை பாக்டீரியாவைப் பற்றிப் பிழைப்பவை; விஞ்ஞானிகள் அவற்றை பாக்டீரியோஃபாஜ் என்றும், சுருக்கமாக ஃபாஜ் என்றும் வழங்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஏறத்தாழ ஒரு பாக்டீரியாவின் அளவு. அதனினும் பத்திலொரு பங்கோ இருபதிலொரு பங்கோதான் ஃபாஜின் தலைப்பகுதி. அதற்கென்று சுவாசமில்லை, ஜீரணமில்லை, தானே நகரும் சக்தியுமில்லை. தனக்குரிய பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தி, அந்த உயிரணுவின் கருவிகளைக் கொண்டே தன்னைப் போன்ற பலவற்றை உண்டாக்கி, முடிவில் அதனை வெடிக்கச் செய்து வெளியேறுவதே அதன் வாழ்க்கை. ஒரு கிராம் மண்ணில் இத்தகைய துகள்கள் கோடிக்கணக்கில் தொடங்கி, வளமான மண்ணாயின் நூற்றுக்கணக்கான கோடிகள் வரை இருக்கக்கூடும்.

இந்த ஜீவராசிகளைப் பற்றிய அறிவின் முதல் சுவடுகளில் ஒன்று நம் தேசத்தின் நதிநீரிலேயே பதிந்திருக்கிறது. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹாங்கின் என்ற பாக்டீரியா நிபுணர், கங்கை, யமுனை ஆகியவற்றின் நீர் காலராக் கிருமியை அழிக்கிறதென்றும், அந்நீரைக் காய்ச்சினால் அச்சக்தி மறைந்துவிடுகிறதென்றும் 1896-ஆம் ஆண்டு எழுதினார். அந்தச் சக்தி யாதென்பது அவருக்குப் புலப்படவில்லை. 1915-இல் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் ட்வோர்ட்டும், 1917-இல் பாரிஸில் ஃபெலிக்ஸ் தெரெலும் பாக்டீரியாவை அழிக்கும் இந்த நுண்பொருளைத் தனித்தனியே கண்டறிந்தபின், ஹாங்கின் கண்டதும் அதுவாகவே இருந்திருக்கலாம் என்ற அநுமானம் வலுப்பெற்றது. தெரெல் பிற்பாடு இந்தியாவுக்கே வந்து காலராவுக்கு எதிராக ஃபாஜைப் பயன்படுத்திப் பார்த்தார். அதன்பின் நெடுங்காலம் ஃபாஜ் என்பது மருந்தாகவும் பரிசோதனைச் சாலையின் கருவியாகவும் கருதப்பட்டதேயன்றி, இயற்கையின் நடைமுறையில் அதற்கொரு பெரிய பங்குண்டு என்று எவரும் கருதவில்லை. 1989-இல் நார்வே தேசத்து விஞ்ஞானிகள், இயற்கையான நீர்நிலைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 25 கோடி வரை வைரஸ் துகள்கள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் எண்ணிக் காட்டியபோதுதான் அந்த எண்ணம் மாறியது. கடலின் நுண்ணுயிர்த் திரளில் ஐந்திலொரு பங்கை வைரஸ்கள் நாள்தோறும் அழிக்கின்றன என்பது இன்று பாடநூல்களில் ஏறிவிட்ட செய்தி.

மண்ணின் கதை அவ்வளவு எளிதில் வெளிப்படவில்லை. கடல்நீரை வடிகட்டி வைரஸைப் பிரித்தெடுக்கலாம். மண்ணிலோ வைரஸ் களிமண்ணின் மீதும் இரும்பு ஆக்சைடுகளின் மீதும் ஒட்டிக்கொண்டு விட மறுக்கிறது. பெரும்பாலான வைரஸ்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் மிகுந்திருப்பதும், செம்மண்ணுக்கு நிறம் தருகிற இரும்பு ஆக்சைடுகள் நேர்மின்னூட்டம் ஏற்கும் சுபாவமுடையவையாயிருப்பதும் இதற்குக் காரணம். தொண்டை நாட்டின் செம்மண் தரைகளில் இந்தப் பிடிப்பு இன்னும் உறுதியாக இருக்க வேண்டுமென்பது இதிலிருந்தே பெறப்படும்.

இனி, காய்ந்த மண்ணின் உட்புறத்தைச் சற்று அணுகி நோக்குவோம். ஒரு மிளகளவு மண்கட்டியே பாக்டீரியாவுக்கு ஒரு மாகாணம். அதனுள்ளே எண்ணற்ற நுண்குழிகளும் இடைவெளிகளும் உண்டு. மண் ஈரமாயிருக்கும்போது இந்த இடைவெளிகளை மெல்லிய நீர்ப்படலம் ஒன்றோடொன்று இணைக்கிறது. காயத் தொடங்கியதும் அப்படலம் அறுபட்டு, ஆங்காங்கே தனித்தனித் தேக்கங்களாகச் சுருங்கிவிடுகிறது. தானே நகரமாட்டாத வைரஸுக்கு நீரே வாகனம்; நீர் அறுபட்டால் அது இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். பக்கத்துக் குழியில், மயிரிழை தூரத்தில், அதற்குரிய பாக்டீரியா இருந்தாலும் அதனை அடைய வழியில்லை. அன்றியும், நீர் சுண்டும்போது காற்றும் நீரும் சந்திக்கும் மேற்பரப்பில் அகப்படுகிற வைரஸ்களில் பல சிதைந்து போகின்றன. பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. வெளியே வறட்சி ஏற ஏற, உள்ளிருக்கும் நீரை இழந்துவிடாதபடி சர்க்கரை, அமினோ அமிலம் முதலிய கரைபொருள்களைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. சில வித்துருக்கொண்டு உறங்குகின்றன. வைரஸ்களில் ஒரு வகை இச்சமயத்தில் வேறொரு உபாயத்தைக் கையாளுகிறது: தான் புகுந்த உயிரணுவைக் கொல்லாமல், தன் மரபுப் பொருளை அதன் மரபுப் பொருளோடு இணைத்துவிட்டு, நல்ல காலம் வரும்வரை அடங்கியிருக்கிறது.

அந்த நல்ல காலம் மழையோடு வருகிறது. ஆனால் அதுவே பலருக்கு அந்திய காலமாகவும் அமைந்துவிடுகிறது. வறட்சிக்கு ஈடுகொடுக்கக் கரைபொருள்களை நிறைத்து வைத்திருந்த பாக்டீரியாவின் மேல் திடீரென்று நல்ல தண்ணீர் சூழ்ந்தால், அந்நீர் பெருவேகத்தோடு உள்ளே பாய்கிறது. சேர்த்து வைத்ததை உடனே வெளியே கொட்டிவிட வேண்டும். இல்லையேல் வெடித்துச் சாக வேண்டும். எதுவாயினும் மண்ணுக்கு லாபம்: மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கரிமமும் நைட்ரஜனும் ஒரே நாளில் நீரில் கரைந்து வெளிப்படுகின்றன. பிழைத்தவை அந்த விருந்தை உண்டு அதிவேகமாகப் பெருகுகின்றன. மண்ணிலிருந்து கரியமில வாயு குபுகுபுவென்று எழுகிறது.

இந்த நிகழ்ச்சியை முறையாக ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர், கென்யாவில் நைரோபிக்கு அருகிலுள்ள முகுகா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹெச். எஃப். பிர்ச் என்பவர். நம்மைப் போலவே ஆண்டுக்கு இரண்டு மழைப் பருவங்களை உடைய அந்த நாட்டின் மண்ணை உலர்த்தி, நனைத்து, மறுபடி உலர்த்தி, ஒவ்வொரு முறையும் வெளிப்படும் கரியமில வாயுவையும் நைட்ரஜனையும் அளந்து, மண் எவ்வளவுக்குக் காய்கிறதோ அவ்வளவுக்கு நனைந்தபின் அதன் கொடை பெருகுகிறது என்பதை 1958-இல் வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும் என்று திருக்குறளின் உழவு அதிகாரம் கூறுவதை அறிந்த தமிழர்க்கு பிர்ச்சின் முடிவு வியப்பளிக்காது. சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் குடியானவர்கள் சொல்லிக்கொண்டே கோடை உழவுக்கு இறங்குகிறார்கள். காய்ச்சலுக்கும் விளைச்சலுக்கும் உள்ள சம்பந்தத்தை உழவர்கள் பிரத்தியட்சமாகக் கண்டிருந்தார்கள். அதன் காரணகாரியத் தொடர்பைக் காட்டுவதே விஞ்ஞானத்துக்கு எஞ்சிய வேலையாயிற்று.

அந்தத் தொடர்பில் வைரஸுக்கு இடமுண்டா என்ற கேள்விக்கு விடை காண ஒரு நூதனமான முறை தேவைப்பட்டது. காய்ந்த மண்ணில் உயிருள்ளவற்றின் மரபுப் பொருளும் செத்தவற்றின் மரபுப் பொருளும் கலந்தே கிடக்கும். எது மழைக்குப் பின் பிறந்தது, எது முன்னரே இருந்தது என்று எப்படிப் பிரிப்பது? சாதாரண ஆக்சிஜனைக் காட்டிலும் எடை மிகுந்த ஆக்சிஜன்-18 சேர்ந்த நீரை மண்ணில் ஊற்றினால், அதன்பின் உண்டாகும் மரபுப் பொருள் மட்டும் அந்த எடையை ஏற்றுக்கொள்கிறது. ஊடைக்கு வேறு நிறப் பட்டைப் பூட்டிய நேரம் முதல் நெய்த பகுதி எதுவென்பது சேலையைப் பிரித்துப் பார்க்கும் எவருக்கும் தெரிவதுபோல, எடை கூடிய பகுதியைச் சுழற்சி இயந்திரத்தில் பிரித்தெடுத்து, மழைக்குப் பின் பிறந்தவை இவை என்று அடையாளம் காணலாம். ஸ்டீவன் பிளாஸெவிச், மேரி ஃபயர்ஸ்டோன் முதலியோர் 2014-இல் இம்முறையைக் கையாண்டு, முதல் மழைக்குப் பின் மண்ணில் பிறப்பும் இறப்பும் ஒருங்கே நிகழ்கின்றன என்றும், மேலெழும் கரியமில வாயுவுக்கு அவ்விரண்டுமே காரணம் என்றும் நிறுவினர். அந்த இறப்பில் நீரின் திடீர்த் தாக்குதலுக்கு உரிய பங்கு எவ்வளவு, வைரஸுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது அப்பொழுது தெளிவாகவில்லை.

2023-இல் அந்த விடையின் ஒரு பகுதி கிடைத்தது. வட கலிபோர்னியாவில் ஹாப்லாண்ட் என்ற இடத்தில் காட்டு ஓட்ஸ் புல் மண்டிய வெளி ஒன்றுண்டு. குளிர்காலத்தில் மழையும் கோடையில் நீண்ட வறட்சியும் அந்நாட்டு வழக்கம். பெர்க்லி பல்கலைக்கழகத்தையும் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுச் சாலையையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அவ்விடத்து வறண்ட மண்ணை எடையேறிய நீரால் நனைத்து, ஒரு வார காலம் அடுத்தடுத்து மாதிரி எடுத்துப் பார்த்தனர். வறண்ட மண்ணில் வைரஸின் மொத்த அளவு குறைவு, வகைகளோ ஏராளம். நனைந்த 24 மணி நேரத்துக்குள் அவ்வகைகளில் பாதி மறைந்தன. எஞ்சியவற்றுள்ளும் ஒரு சிறு தொகுதியே பெருகிற்று. ஆயினும் ஒரு வாரத்தில் வைரஸின் மொத்தத் திரள் நான்கு மடங்காயிற்று. மண்ணில் பெரும்பாலான வைரஸ்கள் அடங்கியிருக்கும் இயல்பினவே என்று அதுவரை பலர் கருதி வந்தனர். இங்கோ உயிரணுவை வெடிக்கச் செய்து வெளியேறும் வகையே முன்னின்றது. ஒரு வாரம் கழிந்த நிலையில் நிகழும் நுண்ணுயிர் மரணத்தில் 46 சதவீதம் வரை வைரஸால் விளைந்திருக்கக்கூடும் என்பது அவர்களுடைய கணக்கு. முதல் நாளின் சாவுக்கு நீரே பெரிதும் காரணம். நாள் செல்லச் செல்ல வைரஸ் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது என்று இதனை நான் பொருள் கொள்கிறேன்.

அதே ஆண்டில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மற்றொரு குழு, நான்கு வேறு புல்வெளிகளின் வறண்ட மண்ணை நனைத்துப் பத்து நாள் கவனித்தது. நான்கு மண்ணின் வைரஸ்களும் ஒன்றோடொன்று சம்பந்தமற்றவை. ஆயினும் மழைக்குப் பின் நான்கும் ஒரே பாதையில் மாறிச் சென்றன. வைரஸ் சமூகம் நாளுக்கு நாள் புரண்டு புரண்டு மாற, பாக்டீரியாச் சமூகமோ அவ்வளவாக மாறவில்லை. இதிலிருந்து, பெருகி மேலோங்குகிற பாக்டீரியா வகையை வைரஸ்கள் அடியோடு அழிப்பதில்லை, களையெடுப்பதுபோல் குறைத்து வைக்கின்றன என்ற கொள்கையை அவர்கள் முன்வைத்தனர். இங்கே வாசகர் ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும்: முதற்குழு நனைந்தபின் வைரஸ் வகைகள் பாதியாகக் குறைந்தன என்கிறது, இரண்டாம் குழு நனைந்தவுடன் வகைகள் கூடின என்கிறது. இரண்டும் ஒரே ராஜ்யத்தின் புல்வெளி மண்ணைப் பற்றிய நேர்மையான பரிசோதனைகள். வைரஸ் துகள்களை மட்டும் பிரித்தெடுத்துப் படிக்கும்போது தென்படுவதும், எல்லா மரபுப் பொருளையும் சேர்த்துப் படிக்கும்போது தென்படுவதும் ஒன்றாயிருக்க வேண்டிய அவசியமில்லை. மண்ணும் மண்ணுக்கு வேறுபடும். இம்முரண்பாட்டை அவசரப்பட்டுத் தீர்த்துவிட முயலாமல் அப்படியே வைத்துக்கொள்வதே இத்துறையின் இன்றைய நிலைக்குப் பொருத்தமானது.

இரண்டாம் குழுவின் முடிவுகளில் ஒன்று நம் அநுபவத்தோடு நெருங்கி வருகிறது. வறண்ட மண்ணில் ஆக்டினோபாக்டீரியா என்ற பிரிவும், நனைந்த மண்ணில் புரோட்டியோபாக்டீரியா என்ற பிரிவும் மேலோங்க, அவற்றைப் பற்றும் வைரஸ்களும் அவ்வாறே உடன் ஏறி உடன் இறங்கின. கோடைமழையின் முதல் துளி விழுந்ததும் நம்மைக் கிறங்கச் செய்யும் மண்வாசனையில் முக்கியமான பொருளாகிய ஜியோஸ்மினை உண்டாக்குகிற ஸ்ட்ரெப்டோமைசஸ் அந்த ஆக்டினோபாக்டீரியாப் பிரிவையே சேர்ந்தது. அந்த வாசனையைத் தந்த ஜீவன்களின் ஆதிக்கம் அதே மழையாலேயே சரியத் தொடங்குகிறது என்பதை நினைக்கையில், நாம் வழக்கமாக மழையின் வரவேற்பாக மட்டும் கொள்ளும் அந்த நறுமணத்துக்கு வேறொரு கனம் கூடிவிடுகிறது.

ஒரு மழையின் விளைவு இது. தலைமுறை தலைமுறையாகப் பெய்யும் மழையின் விளைவு வேறு. அமெரிக்காவில் மழை குறைந்த வாஷிங்டன், நடுத்தரமான கேன்சஸ், மழை மிகுந்த அயோவா ஆகிய மூன்று ராஜ்யங்களின் புல்வெளி மண்ணை ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வில், வறண்ட மண்ணிலேயே வைரஸின் வகையும் எண்ணிக்கையும் மிகுந்தும், பாக்டீரியாவின் வகை குறைந்தும் காணப்பட்டன. அடங்கியிருக்கும் வைரஸ்களின் அறிகுறிகளும் அங்கேதான் அதிகம். கேன்சஸின் கோன்ஸா புல்வெளியில் நடந்த மற்றோர் ஆய்வு, ஈரம் கூடியபோது சில வைரஸ்கள் மட்டும் சுறுசுறுப்பாக இயங்கத் தொடங்கியதைக் காட்டிற்று. வறட்சி வைரஸைப் பலவகைப்படச் சேமித்து வைக்கிறது, மழை அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இயக்குகிறது என்று இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கலாம்.

இங்கேதான் நம் பூமியின் விசேஷத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவுக்கு ஆண்டில் ஒரே ஒரு முதல் மழை. காஞ்சிபுரம் ஜில்லாவுக்கோ ஆண்டுதோறும் கிடைக்கும் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை ஒரே தவணையில் வருவதில்லை. சித்திரை வைகாசியில் இடியோடு வரும் கோடைமழை ஒரு விரற்கடை மண்ணை நனைத்துவிட்டுப் போகிறது. அடுத்த வாரமே வெயில் அதனை முன்போலக் காய்ச்சிவிடுகிறது. ஆடி ஆவணியில் மேற்கே திரளும் மேகம் மாலையில் ஒரு பாட்டம் பெய்து, மறுபடி பத்து நாள் மறைந்திருக்கிறது. ஐப்பசி பிறந்தபின்தான் அடைமழை. ஆதலின் நம் மேய்க்கால் தரைகளின் மேல்மண், ஓர் ஆண்டில் ஒன்றல்ல, பல முதல் மழைகளைக் காண்கிறது. ஒவ்வொன்றிலும் சாவும் பிறப்பும், கரியமில வாயுவின் எழுச்சியும், வைரஸின் பெருக்கும் ஓரளவுக்காவது திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். அதற்கு மாறாக, மண் ஏற்கெனவே நிறைந்து நிற்கும் கார்த்திகையில் கூடுதலாகப் பெய்யும் மழைக்கு இத்தகைய சக்தி இருக்க நியாயமில்லை. 2015 டிசம்பரில் அன்றைய காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது அது மண்ணின் நுண்ணுயிர்களை எழுப்பியிராது; அடித்துக்கொண்டு போயிருக்கும். ஆண்டின் மொத்த மழையைக் காட்டிலும், இரண்டு மழைகளுக்கு இடையே கழியும் வறண்ட நாள்களின் எண்ணிக்கையே மண்ணின் வைரஸ்களுக்கு முக்கியம் என்பது என் துணிபு. மழை குறைந்த நாள்களில் கொட்டித் தீர்த்துவிட்டு நீண்ட இடைவெளி விடும் போக்கு வளர்ந்துவரும் இக்காலத்தில், ஒவ்வொரு இடைவெளிக்குப் பின்னும் மண் தன் கரிமத்தில் எவ்வளவை வானத்துக்கு விட்டுக்கொடுக்கிறது என்ற கேள்வி, புவியின் மண் முழுதும் சேர்ந்து வாயுமண்டலத்தையும் தாவரங்களையும் கூட்டியதைவிட அதிகக் கரிமத்தைப் பொதிந்து வைத்திருப்பதை நினைத்தால், அலட்சியம் செய்யத்தக்கதன்று.

ஏரியின் உட்பரப்பு இதனினும் விசித்திரமானது. வாலாஜாபாத்துக்கு அருகே பரந்து கிடக்கும் தென்னேரியைப் போன்ற ஏரிகளில், கரையோரத்துத் தரை சில மாதம் நீருக்கடியிலும், சில மாதம் புல்தரையாகவும், சில மாதம் வெடித்த வண்டலாகவும் இருக்கிறது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவும் காற்றை விரும்பும் பாக்டீரியாவும் ஒரே இடத்தை முறைவைத்து ஆளுகின்றன. ஒவ்வோர் ஆட்சி மாற்றத்திலும் அவற்றின் வைரஸ்களும் மாறியாக வேண்டும். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுவதிலிருந்து, குறைந்தது ஆயிரத்து நூறு ஆண்டுகளாவது இந்தத் தாளம் மனித முயற்சியால் இவ்வட்டாரத்தில் காக்கப்பட்டு வந்திருப்பது புலனாகும். இவ்வளவு காலம் ஒழுங்காக நனைந்தும் காய்ந்தும் வந்த மண் உலகில் பல இடங்களில் கிடையாது.

மனிதர்க்கு நேரே சம்பந்தமுள்ள ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். மலத்தின் வழியாக மண்ணில் சேரும் குடல்நோய் வைரஸ்களும் மற்றவற்றைப் போலவே மண்துகளில் ஒட்டிக்கொள்கின்றன. உப்புக் குறைந்த மழைநீர் அந்தப் பிடிப்பைத் தளர்த்தி அவற்றைக் கீழே இறக்கிவிடுகிறது என்பது 1970-களிலேயே பரிசோதனைகளால் அறியப்பட்டது. பாலாற்று மணலிலும் கரையோரத்திலும் ஆழமில்லாத கிணறுகளை நம்பியிருக்கும் ஊர்களில், கழிவுநீர் கலக்கும் இடங்களுக்கு அருகே, புதுமழைக் காலத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதற்கு இதுவே தக்க காரணம்.

மேய்க்கால் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் பதிவான நிலங்கள் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் குப்பை கொட்டும் இடமாகவும் உருமாறி வருவதை இப்பகுதியில் எவரும் காணலாம். பயனற்ற தரிசு என்று அவற்றைக் குறிப்பிடும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. உழப்படாமல், உரமிடப்படாமல், மழையையும் மாட்டையும் மட்டும் அறிந்து வந்த மண் வேறெங்கே இருக்கிறது? ஹாப்லாண்டில் செய்ததை இங்கே செய்வதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. சித்திரையில், முதல் இடிமழைக்கு முன், ஒரு மேய்க்கால் தரையிலும் ஒரு ஏரிப் புல்தரையிலும், பக்கத்திலேயே ஆண்டுதோறும் உழுத ஒரு கொல்லையிலும் மேல்மண்ணை எடுத்துக் குளிரில் காத்து வைக்க வேண்டும். மழை பெய்த மூன்றாம் மணி நேரத்திலும், மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் அதே இடங்களில் மறுபடி எடுக்க வேண்டும். ஆவணியிலும் ஐப்பசியிலும் அதனையே திரும்பச் செய்ய வேண்டும். மரபுப் பொருளைப் படிக்கும் இயந்திரங்கள் சென்னையின் ஆய்வுச் சாலைகளில் இருக்கின்றன. மாதிரி எடுத்த பெட்டியை வாலாஜாபாத்திலிருந்து அங்கே கொண்டு சேர்க்க அரைநாள் பயணம் போதும்.